பதினெட்டுக் கேள்விகளுக்கு அக்காவின் பதில்

பம்பரம் என்ற பெயரை அவளுக்கு வைத்ததே அவள் அக்காதான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் இதே அக்கா தன் கையால் எழுதிக் கொடுத்ததைக் கேட்கும்போது உங்களுக்கு வயிறு எரிய வேண்டும். ஐந்து வயதில், சோற்றுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஓரிடத்தில் உட்காராமல் வீட்டையே சுற்றிச் சுற்றி வந்த தங்கைக்குப் பத்து வயது அக்கா வைத்த பெயர் அது. பள்ளிக்கூடப் பதிவேட்டில் வேறொரு அழகான பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்ப்பதில்லை.

இப்போது பம்பரத்துக்கு வயது முப்பத்தொன்பது. பல்செட் செய்யும் கூடம் ஒன்றில் வேலை. பல் மருத்துவர்கள் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். அதில் பிளாஸ்டரை ஊற்றி வாயின் மாதிரியை எடுத்து, மேலே மெழுகு கட்டி, ஒவ்வொரு பல்லாக அடுக்க வேண்டும். அடுக்குவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. உட்கார்ந்துவிட்டாள் என்றால் பசி தெரியாது, கூப்பிட்டால் காது கேட்காது. கோளாறெல்லாம் அதற்கு முன்னும் பின்னும்தான். மாதிரியின் அடியில் பென்சிலால் எண் எழுத மறப்பாள். கூட வந்த சீட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்த் துவைத்துவிடுவாள். போன வருடம் ஒரு ஓய்வுபெற்ற நீதிபதியின் பல்செட் ஒரு பேருந்து ஓட்டுநருக்கும், ஓட்டுநருடையது நீதிபதிக்கும் போய்ச் சேர்ந்தது. நீதிபதி, புதுசு என்றால் அப்படித்தான் இருக்கும் என்று மூன்று நாள் பொறுத்துப் பார்த்தார். ஓட்டுநர் அன்று மாலையே வந்து கூடத்தின் நடுவில் நின்று கத்தித் தீர்த்துவிட்டார்.

முதலாளி நல்ல மனிதர்தான். குறை சொல்ல முடியாது. அவளைத் தனியாக அழைத்து உட்கார வைத்துப் பேசினார்.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா என்னால வெச்சுக்க முடியாதும்மா. இது வியாதின்னா டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வா. எண்ணைச் சரிபார்க்கக் கூட ஒரு ஆளைப் போட்டுடறேன். கடிதம் இருந்தா சட்டப்படி நான் செஞ்சே ஆகணும். இல்லாம உனக்கு மட்டும் செஞ்சா மத்தவங்க என்னைச் சும்மா விடுவாங்களா?"

ஆக, ஒரு கடிதம். ஒரே ஒரு கடிதம் இருந்தால் வேலை நிலைக்கும். அந்தக் கடிதத்துக்காக அவள் அரசு மருத்துவமனையின் வரிசையில் ஏற்கெனவே காத்துக்கொண்டுதான் இருந்தாள். கட்டியவன், உன்னோடு குடும்பம் நடத்துவது தினமும் சாவி தேடுவது மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போன பிறகு, பக்கத்து மருத்துவமனை டாக்டர் ஒருவர் அவள் பேச்சைக் கடைசிவரை கேட்டார். பெரியவர்களுக்கும் ஏடிஎச்டி இருக்கலாம், மனம் ஓரிடத்தில் நிற்காத கோளாறு, சிறு வயதிலேயே தொடங்குவது, சோதித்துப் பார்த்துவிடுவோம் என்று பெரிய மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார். தனியாரிடம் போனால் அவள் நான்கு மாதச் சம்பளம். அரசாங்கத்தில் இலவசம், காத்திருக்கத் தெம்பு இருந்தால் போதும்.

இரண்டு வருடம் இரண்டு மாதம். நடுவில் ஒரு கூத்து. இன்னும் உங்களுக்கு இந்தச் சோதனை தேவையா, பதினான்கு நாளுக்குள் பதில் போடுங்கள், இல்லாவிட்டால் பெயர் நீக்கப்படும் என்று ஒரு கடிதம் வந்தது. பம்பரம் அதைப் பத்திரமாக வைத்தாள். எவ்வளவு பத்திரம் என்றால், ஐந்து வாரம் கழித்து அது குளிர்பதனப் பெட்டியின் காய்கறித் தட்டில் கிடைத்தது. பதில் போட மறப்பவர்களுக்கு என்றே இருக்கும் ஒரு பிரிவு, பதில் போட மறந்தவர்களின் பெயரை அடித்துவிடுகிறது பாருங்கள். இந்த விதியை உட்கார்ந்து யோசித்த மகராசன் எந்த நாற்காலியில் இருக்கிறானோ, நன்றாக இருக்கட்டும்.

அன்றைக்கு அவளைக் காப்பாற்றியது யார்? அக்காதான். அரைநாள் விடுப்புப் போட்டு மருத்துவமனைக்கு வந்து, மூன்று ஜன்னல் மாறி மாறி நின்று, என் தங்கச்சிக்கு இதுதானே வியாதியே, மறந்ததுக்குத் தண்டனை குடுத்தா எப்படி என்று கேட்டு, அடித்த பெயரை மறுபடி எழுத வைத்துவிட்டுத்தான் நகர்ந்தாள். அம்மா காலையில் தையல் ஆலைக்குப் போனால் இருட்டித்தான் வருவாள். பம்பரத்துக்குத் தலை வாரியது, செருப்பைத் தேடிக் கொடுத்தது, பள்ளிக்கு இழுத்துக்கொண்டு ஓடியது எல்லாம் அக்கா. அம்மா இறந்து ஆறு வருடம் ஆகிறது. பம்பரத்துக்கு இந்த உலகத்தில் கண்ணை மூடிக்கொண்டு நம்ப ஓர் ஆள் உண்டு என்றால் அது அக்காதான்.

அதனால் தேதி குறித்த கடிதத்தோடு அந்தப் படிவம் வந்தபோது அவளுக்குப் பாதிக் கிணறு தாண்டியாயிற்று என்றே தோன்றியது. பன்னிரண்டு வயதுக்கு முன் உங்களை நன்கு அறிந்த குடும்பத்தார் ஒருவர் நிரப்பி, உறையில் இட்டு ஒட்டி, நேராக மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்று மேலே போட்டிருந்தது. பதினெட்டுக் கேள்விகள். பொருள்களைத் தொலைப்பாரா, வேலையைப் பாதியில் விடுவாரா, பேசிக்கொண்டிருக்கும்போதே கவனம் சிதறுமா, உட்கார வேண்டிய இடத்தில் எழுந்து நிற்பாரா. ஒவ்வொன்றுக்கும் நான்கு கட்டம்: ஒருபோதும் இல்லை, எப்போதாவது, அடிக்கடி, மிக அடிக்கடி.

அக்கா சமையலறை மேசையில் அமர்ந்து அதை இரண்டு முறை படித்தாள். வழக்கமாக இந்த மாதிரி எதையாவது படித்தால் சிரித்து ஓட்டுவாள். அன்று சிரிக்கவில்லை. நான் எழுதி அனுப்பிடறேன், நீ போ, கவலைப்படாதே என்றாள். பள்ளி ஆவணங்கள் இருந்தால் கொண்டு வரவும் என்று கடிதத்தில் இருந்ததால் பரணில் ஏறி, பம்பரத்தின் பழைய வீட்டுப்பாட நோட்டுகள் நான்கை இறக்கித் தூசி தட்டி, இதையும் எடுத்துக்கிட்டுப் போ என்று தானே பையில் வைத்தாள். அந்த நோட்டுகளில் இருந்தது முழுக்க அக்காவின் கையெழுத்து. பம்பரத்துக்கு அதில் எந்தச் சந்தேகமும் இல்லை. தங்கைக்கு நான்தான் எழுதிக் கொடுத்தேன் என்று அக்கா படிவத்தில் போட்டுவிடுவாள், நோட்டு அதற்குச் சாட்சியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

சோதனை நாளைக் கோட்டை விடக் கூடாது என்று பம்பரம் பட்ட பாடு இருக்கிறதே! கைப்பேசியில் ஏழு அலாரம். முந்தின நாளே ஒரு தடவை போய், எந்த வாசல், எந்த மாடி, எந்தக் கதவு என்று பார்த்துவிட்டு வந்தாள். அன்றைக்குப் பத்தரை மணிச் சந்திப்புக்கு எட்டு மணிக்கே போய், சுவரோடு பிணைத்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். எழுந்தாள், உட்கார்ந்தாள். பின்னால் வந்த அறிக்கையில் இதற்கு என்ன எழுதியிருந்தார்கள் தெரியுமா? குறித்த நேரத்துக்கு முன்பே வந்திருந்தார், நேர நிர்வாகத்தில் குறைபாடு காணப்படவில்லை.

டாக்டர் இளம்பெண். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. அன்று காலை அவருக்கு இவள் நான்காவது ஆள். நன்றாகத்தான் பேசினார், நன்றாகத்தான் கேட்டார். முக்கால் மணி நேரத்தில் பம்பரம் தன் முப்பத்தொன்பது வருடத்தையும் முன்னும் பின்னுமாகக் கொட்டினாள். நீதிபதியின் பல் கதைக்கு டாக்டர் சிரித்தே விட்டார். பிறகு நோட்டுகளைப் புரட்டினார்.

"ரொம்ப அழகா, சுத்தமா எழுதியிருக்கீங்க. ஒரு பக்கம்கூட விட்டுப்போகலை."

"அது நான் எழுதினது இல்ல டாக்டர். எங்க அக்கா எழுதினது. அக்கா அனுப்பின தாள்ல இருக்குமே."

டாக்டர் கோப்பைப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். நீங்கள் சொல்வதும் வீட்டார் எழுதியிருப்பதும் ஒத்துப்போகவில்லையே என்று மெல்ல இழுத்தார். பம்பரம், வேண்டுமானால் இப்போதே எழுதிக் காட்டுகிறேன், என் கையெழுத்தைப் பாருங்கள் என்றாள். முப்பது வருடத்தில் யார் கையெழுத்தும் மாறும் என்றார் டாக்டர். தாளைக் காட்டச் சொன்னால், இங்கே காட்டக் கூடாது, முடிவுக் கடிதத்தோடு நகல் வரும், அதுதான் விதி என்றார்.

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் உள்ளுக்குள் ஏதோ இடித்திருக்கும். பம்பரத்துக்கு இடிக்கவில்லை. அவளுக்குத் தெரிந்த உலகத்தில் ஒன்று தப்பாக இருந்தால் அது மாறிப்போயிருக்கிறது என்றுதான் அர்த்தம். நீதிபதியின் பல் ஓட்டுநரின் வாய்க்குப் போகலாம் என்றால், யாரோ ஒருத்தியின் அக்கா எழுதிய தாள் இவள் கோப்புக்குள் வந்திருக்கக் கூடாதா? டாக்டருக்கே ஆறுதல் சொன்னாள். கோப்பு மாறிப்போச்சு டாக்டர், தேடிப் பாருங்க, எண் போட மறந்திருப்பாங்க, எனக்கு இது தினமும் நடக்கிறதுதான் என்றாள். டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

வெளியே வந்ததும் அக்காவுக்குத்தான் போன் செய்தாள். ஆஸ்பத்திரியில் உன் தாளை வேற யாரோட தாளோடவோ மாத்தி வெச்சிட்டாங்கக்கா என்றாள்.  அக்கா, அப்படித்தான் இருக்கும், அரசாங்க ஆஸ்பத்திரி வேற எப்படி இருக்கும் என்றாள். சாப்பிட்டியா என்றும் கேட்டாள்.

கடிதம் பதினேழு நாளில் வந்தது. சிறு வயதில் அறிகுறிகள் இருந்ததற்கு ஆதாரம் இல்லை. ஏடிஎச்டி உறுதி செய்யப்படவில்லை. தேவைப்பட்டால் புதிய பரிந்துரை பெற்று மீண்டும் பட்டியலில் பதிவு செய்துகொள்ளலாம். பின்னால் நகல். பம்பரம் மாடிப்படியிலேயே நின்று அதைப் பார்த்தாள். கோப்பு மாறவில்லை, எதுவும் மாறவில்லை. பதினெட்டுக் கேள்விக்கும் முதல் கட்டத்தில், அளவெடுத்தாற்போல், பதினெட்டு டிக். ஒருபோதும் இல்லை, ஒருபோதும் இல்லை, ஒருபோதும் இல்லை. கடைசியில், வேறு ஏதேனும் கூற விரும்பினால் என்ற இடத்தில் நோட்டுகளில் இருந்த அதே குண்டு குண்டுக் கையெழுத்து: என் தங்கை சிறு வயதிலிருந்தே மிகவும் பொறுப்பான பெண். வீட்டுப்பாடங்களை ஒருநாளும் தவறவிட்டதில்லை.

அவளுக்கு முதலில் கோபம்கூட வரவில்லை. படித்ததையே திரும்பத் திரும்பப் படித்தாள். அந்தக் கையெழுத்தைக் கண்டாலே அவளுக்குச் சின்ன வயதில் உயிர் வரும். இன்றைக்கு அடி விழாது, வாத்தியார் பெஞ்சில் ஏற்ற மாட்டார் என்று அர்த்தம். அதே கையெழுத்து இப்படி நெஞ்சில் மிதிக்கும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. படியில் உட்கார்ந்து அழுதாள். மேல்மாடிக்காரர் அவளைச் சுற்றிக்கொண்டு இறங்கிப் போனார்.

கடிதம் வந்தது ஒரு புதன்கிழமை. அந்த வெள்ளிக்கிழமையே கூடத்தில் ஒருவரின் மேல்தாடைப் பல்செட்டோடு இன்னொருவரின் கீழ்த்தாடைப் பல்செட் மாறிச் சேர்ந்துபோயிற்று. மனசு இருந்த நிலையில் மாறாமல் இருந்திருந்தால்தான் அதிசயம். முதலாளி கடிதத்தைக் கேட்டார். கொடுத்தாள். நின்றபடியே படித்தார், மடித்தார், திருப்பிக் கொடுத்தார். உனக்கு ஒண்ணும் இல்லைன்னு டாக்டரே எழுதிட்டாரே, அப்ப இது அலட்சியம்தானேம்மா என்றார். அவர் குரல் உயரவில்லை. பதினோரு வருடம் உட்கார்ந்த மேசையைத் துடைத்துவிட்டு, தன் மெழுகுக் கத்தியை எடுத்துக்கொண்டு அவள் வெளியே வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனாள். கேட்டே ஆக வேண்டும் என்றுதான் போனாள். ஆனால் அவள் வாய் திறப்பதற்குள் அக்காவே, ரிப்போர்ட் வந்துச்சா என்று கேட்டாள். கேட்ட விதத்தில் ஓர் அவசரம் இருந்தது. அத்தான் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். அக்கா மகள், ஒன்பது வயது, முன்னறையில் வரைந்துகொண்டிருந்தாள். அதாவது ஒரு கால் நாற்காலியிலும் ஒரு கால் தரையிலுமாக நின்று, வரைந்து, ஓடி, தண்ணீர் குடித்து, மறுபடி வரைந்து. முன்பெல்லாம் அவளை எல்லோரும் குட்டிப் பம்பரம் என்றுதான் கூப்பிடுவார்கள். போன வருடம் அக்கா திடீரென்று அந்தப் பெயரைச் சொல்லவே கூடாது என்று தடுத்துவிட்டாள்.

வந்துச்சு, ஒண்ணும் இல்லைன்னு எழுதிட்டாங்க என்றாள் பம்பரம். அக்கா முகம் மலர்ந்தே போயிற்று. அப்பாடா என்று வாய்விட்டுச் சொன்னாள். பிறகு தங்கையின் கையைப் பிடித்துச் சமையலறைக்குள் இழுத்து, கதவைச் சாத்தி, குரலைத் தாழ்த்தி எல்லாவற்றையும் சொன்னாள். மகளை ஆஸ்பத்திரியில் காட்டிச் சோதிக்க வேண்டும் என்று வகுப்பு டீச்சர் மூன்று மாதமாக நச்சரிக்கிறாள். அத்தானோ, எங்க பக்கத்துல இப்படி ஒருத்தரும் கிடையாது, அப்படியே உன் தங்கச்சிதான், உங்க ரத்தம்தான் என்று குத்திக் காட்டிக்கொண்டே இருக்கிறார். நாளைக் காலை ஒன்பது மணிக்குப் பள்ளியில் கூட்டம்.

"அந்த ரிப்போர்ட்டைக் குடு. டீச்சர்கிட்டயும் காட்டிடறேன், அவர்கிட்டயும் காட்டிடறேன். என் தங்கச்சியும் இப்படித்தான் இருந்தா, பெரிய டாக்டரே ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டார், இவளும் வளந்தா சரியாயிடுவான்னு."

பம்பரத்துக்கு அப்போதுதான் முழுசாக விளங்கியது. அக்கா அவளுக்காகவும் எழுதவில்லை, அவளுக்கு எதிராகவும் எழுதவில்லை. அவளை நினைக்கவே இல்லை. அதுதான் எல்லாவற்றையும்விட வலித்தது.

"அதுக்குத்தான் அப்படி எழுதினியாக்கா?"

அக்கா அடுப்பைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். உனக்கு என்னடி குறை, வேலை இருக்கு, தனியா நிமிர்ந்து நிக்கறே, அந்தக் கடிதாசு வந்து உனக்கு இனிமே என்ன ஆகப் போகுது, எனக்கு அப்படியா, நான் இந்த மனுஷனோட காலம் பூரா ஓட்டணும் என்றாள். வேலை போய்விட்டது என்று பம்பரம் சொன்னாள். அக்காவின் கை நின்றது. எப்போ என்றாள். வெள்ளிக்கிழமை என்றாள் பம்பரம். அக்காவுக்குக் கண் கலங்கியது, அது பொய்யில்லை. வேற வேலை கிடைக்காமலா போயிடும், உன் கைக்கு என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ரிப்போர்ட் எங்கேடி?"

அது பம்பரத்தின் கைப்பையில்தான் இருந்தது. முழங்கைக்குக் கீழே, கைக்கு எட்டும் தூரத்தில்.

"தொலைச்சுட்டேன்க்கா."

வாழ்க்கையில் தொலையாத ஒரு பொருளைத் தொலைந்துவிட்டதாக அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. அக்கா ஒரு நொடிகூடச் சந்தேகப்படவில்லை. பையைக் காட்டு என்று கேட்கக்கூட இல்லை. நெற்றியில் அடித்துக்கொண்டு, அதானே பார்த்தேன், நீ எதைத்தான் ஒழுங்கா வெச்சிருந்தே என்றாள். பம்பரம் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொருள்களைத் தொலைப்பாரா? ஒருபோதும் இல்லை. இந்த விரல்தானே டிக் போட்டது என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. நாளைக்கு நானே ஸ்கூலுக்கு வர்றேன் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தாள். நீ எதுக்கு என்று அக்கா பின்னாலேயே வாசல்வரை வந்தாள். உள்ளே அத்தான் இருமும் சத்தம் கேட்டு அங்கேயே நின்றுவிட்டாள்.

மறுநாள் எட்டேகால் மணிக்குப் பம்பரம் பள்ளி வாசலில் இருந்தாள். இந்த முறை ஒரே அலாரம்தான் வைத்தாள், அதற்கும் முன்னால் விழித்துவிட்டாள். ஒன்பதுக்கு மகளோடு வந்த அக்கா அவளைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உள்ளே வந்து மானத்தை வாங்காதே, அப்படி வந்தா இனிமே என் வாசப்படி மிதிக்காதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். அதற்குள் டீச்சர் கதவைத் திறந்து, நீங்க யாரு என்று கேட்டுவிட்டார். சித்தி என்று குழந்தை முந்திக்கொண்டு சொன்னது. அப்ப நீங்களும் வாங்க என்றார் டீச்சர்.

குழந்தைகள் உட்காரும் சின்ன நாற்காலிகள். முட்டி மார்பில் இடிக்க உட்கார்ந்தார்கள். குழந்தையை நூலக அறைக்கு அனுப்பிவிட்டு, டீச்சர் ஒரு படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டார். கண்டிப்பான பெண்மணி, அறுபதை நெருங்கும் வயது, சட்டென்று எழுதும் கை. அக்கா தன் மகளுக்கு எந்தக் குறையும் இல்லை என்று சொல்லி முடித்ததும், பம்பரம் பேசினாள்.

"நானும் இவளை மாதிரிதான் இருந்தேன் டீச்சர். இப்பவும் அப்படியேதான் இருக்கேன். யாரும் பாக்கலை. இவளையாவது பாக்கச் சொல்லுங்க."

அக்காவின் முகம் சிவந்துவிட்டது. அவமானம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். இந்த வாயை எப்படியாவது அடைக்க வேண்டும் என்ற ஆத்திரத்தில், கையில் கிடைத்ததை எடுத்து வீசினாள்.

"இவ பேச்சை எடுத்துக்காதீங்க டீச்சர். இவளுக்கு எதுவுமே நிலையா நிக்காது. சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான். ஒரே வருஷத்துல ஆறு ஜோடி செருப்பு தொலைச்சவ. ஒரு வாய் சோறு முழுசா உக்காந்து தின்னது கிடையாது. கடைக்கு அனுப்பினா கடையையே மறந்துட்டு வந்து நிப்பா. ரெண்டு வருஷம் காத்திருந்து வாங்கின ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டை நாலே நாள்ல தொலைச்சிருக்கா, கேளுங்க."

அதோடு நிற்கவில்லை. தொடங்கியது நிற்காமல் வந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே கண் எங்கோ போய்விடும். வரிசையில் நிற்க மாட்டாள். கேள்வி முடிவதற்குள் பதில் சொல்லி அடி வாங்குவாள். எதையும் தொடங்குவாள், எதையும் முடிக்க மாட்டாள். ஒவ்வொன்றுக்கும் எந்த வகுப்பு, எந்த மாதம், யார் வீட்டில் என்று துல்லியமாகச் சொன்னாள். சொல்லச் சொல்ல ஆத்திரம் குறைந்து, குரலில் பழைய அலுப்பும் ஏதோ ஒரு பிரியமும்கூட வந்து கலந்தன. பம்பரம் விரல்விட்டு எண்ணவில்லை. ஆனால் பதினெட்டும் வந்துவிட்டன என்று அவளுக்குத் தெரிந்தது. இரண்டு வருடம் இரண்டு மாதம் அவள் எந்த வார்த்தைக்குக் காத்திருந்தாளோ அத்தனையும் அந்தச் சின்ன நாற்காலியில் உட்கார்ந்து அக்கா சொல்லிக்கொண்டிருந்தாள், அவளை நம்பாதீர்கள் என்பதற்காக.

டீச்சர் எழுதிக்கொண்டே இருந்தார். தலையைத் தூக்காமல், அப்ப வீட்டுப்பாடம் எல்லாம் என்று கேட்டார்.

"நான்தான். ஏழு வருஷம் நான்தான் எழுதினேன்" என்றாள் அக்கா. சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

 டீச்சர் படிவத்தைத் திருப்பி அக்காவின் பக்கம் நகர்த்தினார். குடும்பத்தில் வேறு யாருக்காவது என்ற இடத்தில், தாயின் தங்கை, என்று போட்டு, கீழே பத்து வரி எழுதியிருந்தார். இனி குழந்தையை டாக்டரிடம் காட்டாமல் இருப்பது பாவம் அம்மா, கையெழுத்துப் போடுங்கள் என்றார். அக்கா அதை வரி வரியாகப் படித்தாள். வெளியே நூலக அறையில் ஏதோ விழும் சத்தமும், அவள் மகள் மன்னிப்புக் கேட்கும் சத்தமும் கேட்டன. அக்கா கையெழுத்துப் போட்டாள்.

பம்பரத்துக்குப் புதிய பரிந்துரை, புதிய வரிசை, எத்தனை வருடமானாலும் பரவாயில்லை. இந்த ஒரு பக்கம் கையில் இருந்தால் இனி எந்த டாக்டரும் ஆதாரம் இல்லை என்று எழுத முடியாது. இதைக் கொண்டுபோய் முதலாளியிடம்கூட ஒருமுறை காட்டிப் பார்க்கலாம்.

"டீச்சர், அதுல எனக்கு ஒரு நகல் தருவீங்களா?"

இது குழந்தையின் கோப்பு, வெளியாருக்குத் தர முடியாது என்றார் டீச்சர். சொல்லிவிட்டு அவருக்கே மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. அக்காவைப் பார்த்தார்.

"அம்மா சரின்னு சொன்னா தரலாம். இதோ இங்கயே எடுத்துத் தர்றேன், ஒரு நிமிஷ வேலை."

பம்பரமும் அக்காவைப் பார்த்தாள். அக்கா அவளைப் பார்க்கவில்லை. கைப்பையின் ஜிப்பை மூடினாள், திறந்தாள், மூடினாள். ஒரு தாள் வெளியே போனால் அது என்றைக்காவது அத்தான் கைக்கு வந்து சேரும். அந்தக் கணக்கு அவள் முகத்தில் ஓடுவது பம்பரத்துக்கு நன்றாகத் தெரிந்தது. அக்கா என்று ஒரு தடவை கூப்பிட்டாள்.

"வேணாம் டீச்சர்" என்றாள் அக்கா. "அது இந்த ரூமை விட்டு வெளியே போக வேணாம்."

பிறகு எழுந்து மகளைக் கூப்பிடப் போனாள்.